கிணற்றடி மண்

செஞ்சி கடைத்தெருவில் ரஞ்சிதம் கடைச் சாம்பார் என்றால் ஒரு பெயர் இருந்தது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற பஸ் டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, பயணிகள் முணுமுணுப்பதைக் காதில் வாங்காமல், இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிடுவார்கள். அந்த ருசிக்குக் காரணம் பருப்பும் இல்லை, புளியும் இல்லை, கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்தான் என்று ரஞ்சிதமே சொல்லுவாள். கைப்பக்குவத்தை விட்டுத் தண்ணீரைச் சொல்கிறாளே, எவ்வளவு அடக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அடக்கத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அந்தக் கிணற்றை வெட்டக் கல் உடைத்தவன் அவள் புருஷன். அதனால்தான் அந்தப் பெருமை.

புருஷன் போன பிறகு அவளைத் தூக்கி நிறுத்தியவர் அண்ணன் தாண்டவராயன். கடைக்குப் பக்கத்து மனையிலேயே அவருடைய பெட்ரோல் பங்க். பங்குக்குப் பின்னால் மண்ணெண்ணெய் டெப்போ. ஊருக்கே அங்கிருந்துதான் மண்ணெண்ணெய். பெரிய இரும்பு டாங்கி ஒன்றை மண்ணுக்குள் புதைத்து, மேலே கை பம்பு வைத்திருந்தார். தங்கை கடைக்குக் கூரை போட்டதும் அவர், முதல் மூட்டை அரிசி இறக்கியதும் அவர். அவர் மகள் சாந்தி, ரஞ்சிதத்தின் மகன் ராஜாராமுக்கு என்று அந்தப் பிள்ளைகள் தவழ்கிற காலத்திலேயே பேசி வைத்தாகிவிட்டது. சாந்தி தண்ணீர் எடுக்க வந்தால் ராஜாராம் மாட்டுக்கொட்டகைக்கு ஓடிப்போய் ஒளிந்துகொள்வான். அந்த அளவுக்கு உறுதியான சம்பந்தம்.

அறுபத்தேழாம் வருஷக் கோடையில் கிணற்றுத் தண்ணீர் வாடை அடித்தது. முதலில் லேசாக, விளக்குத் துடைத்த கையைக் கழுவாமல் வாளியைத் தொட்டது போல. ரஞ்சிதம் வேலைக்காரியைத் திட்டினாள். கயிற்றை மாற்றினாள், வாளியை மாற்றினாள். வாடை போகவில்லை. ஒரு நாள் மத்தியானம், கடை நிறைய ஆள் இருக்கும்போது, ஒரு டிரைவர் முதல் கவளத்தை வாயில் வைத்தவர் அப்படியே இலையில் துப்பிவிட்டார்.

"இன்னாம்மா இது, சாம்பார்ல மண்ணெண்ணய ஊத்தி வச்சிருக்கிற?"

அத்தனை பேரும் இலையை முகர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ரஞ்சிதத்துக்கு அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது. கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் மேலே நிறம் நிறமாக ஒரு படலம். நிமிர்ந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் டெப்போ. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்கத்தான் இருந்தது. ஆனால் ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அண்ணன் அன்றைக்குச் சரக்குக்காக மெட்ராஸ் போயிருந்தார். சாயங்காலம் வந்துவிடுவார், வரட்டும், ஒரு வார்த்தை கேட்போம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அக்கம்பக்கத்தில் நாலு பேர் தூபம் போட்டார்கள். "அண்ணன்தான்னு பாத்தா வயிறு கேக்குமா? மனு போடு" என்றார்கள். அந்த மத்தியானமே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வந்தாள்.

தாண்டவராயன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே யாரோ சொல்லிவிட்டார்கள். கையில் பையோடு நேராகச் சமையல்கட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"மனு போட்டியாமே?"

"போட்டேன். ஆமா."

அவர் வேறு ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. பைக்குள் கையை விட்டு, அவளுக்கென்று வாங்கிவந்த பெருங்காயக் கட்டியை எடுத்து அம்மிக்கல் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் அந்த வாசலில் நின்றது அதுதான் கடைசி.

மழைக்காலத்தின் ஆரம்பத்தில் மெட்ராஸிலிருந்து மண்ணைச் சோதிக்கிற ஆபீசர் வந்தார். ஆதிநாராயணன் என்று பெயர். ஒல்லியான, சாந்தமான மனிதர். அவரோடு துரைக்கண்ணு என்கிற வேலையாள். துரைக்கண்ணு தோளில் ஓர் இரும்புக் கம்பி; நுனியில் பெரிய திருகு. இரண்டு பேர் பிடித்துச் சுற்றினால் மண்ணைக் குடைந்துகொண்டு இறங்கும். நீளம் போதாவிட்டால் இன்னொரு கம்பியை மறையில் முடுக்கிக்கொள்ளலாம். வெளியே இழுத்தால் திருகில் ஆழத்து மண் ஒட்டிக்கொண்டு வரும். அந்த மண்ணைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து மெழுகு வைத்து மூடி, எந்தக் குழி, எந்த ஆழம் என்று எழுதி ஒட்டுவார்கள்.

ஆதிநாராயணன் வந்ததும் முதலில் நெருப்பைப் பற்றித்தான் பேசினார்.

"மண்ணுக்குள்ள எண்ணெய் இருந்தா ஆவி மேல வரும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொறி போதும். இன்னைக்குப் பூரா இந்தச் சுத்து வட்டாரத்துல அடுப்பு கூடாது, பீடி கூடாது, கற்பூரங்கூடக் கூடாது."

ரஞ்சிதம் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். கடை போட்ட நாளிலிருந்து அமாவாசைக்குக்கூட அணையாத அடுப்பு. துரைக்கண்ணு மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டான். மணல் வாளிகளும் நனைத்த கோணிகளும் வரிசையாக வந்தன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, எல்லாரையும் காற்று வரும் பக்கம் நிற்கச் சொன்னார். குழிக்குள் யாரும் முகத்தை நீட்டிப் பார்க்கக் கூடாது என்றார். டாங்கி எந்த இடத்தில் புதைந்திருக்கிறது என்று தாண்டவராயனையே அழைத்துக் காட்டச் சொல்லி, சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்கு உள்ளே கம்பி போகக்கூடாது என்றார். இத்தனை கவனமான ஆளை ரஞ்சிதம் பார்த்ததில்லை. கெட்டிக்காரர் வந்துவிட்டார், இனிமேல் நியாயம் தன் பக்கம் என்று அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

முதல் குழியைத் தெருவோரத்தில் போட்டார்கள், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மண் வேண்டுமாம். அது சுத்தமாக இருந்தது. அடுத்த குழிகளை டெப்போவுக்கும் கிணற்றுக்கும் நடுவில் போடவேண்டும். அதற்குள் ஒரு தூறல் போட்டு நின்றது. மத்தியானம் ஆகிவிட்டது. வழக்கமாக யார் வந்தாலும் ரஞ்சிதம் கடையில்தான் இலை. அன்றைக்கு அடுப்பு இல்லையே. "நான் பஜாருக்குப் போய்ச் சாப்பிட்டு வந்துடறேன். அடுத்த குழியை ஆரம்பிச்சு வை" என்று துரைக்கண்ணுவிடம் சொல்லிவிட்டு ஆதிநாராயணன் நடந்தார்.

துரைக்கண்ணு இரண்டாவது கம்பியை முடுக்கப் பார்த்தான். மழை ஈரம் பட்ட மறை, துரு ஏறி இறுகிக்கொண்டது. கல்லால் தட்டலாம் என்றால் பொறி பறக்கும். ஆபீசர் கூடாது என்றிருக்கிறார். நல்ல பிள்ளையாகக் கல்லைக் கீழே போட்டுவிட்டு மதிலோரம் வந்தான்.

"யக்கா, மறை பிடிச்சிக்கிச்சு. கொஞ்சம் மண்ணெண்ண இருந்தா குடேன்."

இறுகிய மறைக்கு மண்ணெண்ணெய் விடுவது செஞ்சியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சைக்கிள் கடையில் அதுதான், பம்புசெட்டில் அதுதான், பூட்டுக்கு அதுதான். ரஞ்சிதம் உள்ளே போய் ராந்தலுக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்துவந்தாள். மதிலுக்கு மேலே நீட்டும்போது பங்கில் பம்பு பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டு தன்னையே பார்ப்பது தெரிந்தது. பயந்துவிட்டார் என்று அவளுக்கு ஒரு குரூர சந்தோஷம். பார்த்துக்கொள், உண்மை வெளியே வரப் போகிறது என்பது போல் அவர் கண்ணை நேராகப் பார்த்தபடியே பாட்டிலைக் கொடுத்தாள். உதட்டில் சிரிப்புக்கூட வந்தது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

துரைக்கண்ணு மறைக்கு விட்டான். மிச்சத்தை ஒரு துணியில் நனைத்து, துரு பிடிக்கக்கூடாதே என்கிற அக்கறையில், கம்பியையும் திருகையும் பளபளவென்று துடைத்து வைத்தான். ஆதிநாராயணன் வந்து வேலை தொடர்ந்தது. மீதிக் குழிகள் எல்லாவற்றிலும் மண் வாடை அடித்தது. டெப்போ பக்கம் காற்றிலேயே அந்த வாடை என்பதால் அவருக்குச் சந்தேகம் எழவில்லை. ஜாடிகளை ஈரக் கோணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்துப் போனார்.

முடிவு வந்தது. தெருவோர மண் சுத்தம். டெப்போவுக்கும் கிணற்றுக்கும் நடுவில் எடுத்த எல்லா மண்ணிலும் மண்ணெண்ணெய். தாண்டவராயன் டாங்கிதான் ஒழுகுகிறது என்று தீர்மானம் ஆனது. டெப்போ லைசென்ஸ் ரத்து. அந்தக் கெட்ட பெயரோடு பங்க் ஏஜென்சியும் வேறொருவருக்குப் போனது. விசாரணைக்கு அழைத்தபோது அவர், "என் டாங்கி ஒழுகல. அதுக்கு மேல எனக்குச் சொல்றதுக்கு ஒன்னும் இல்ல" என்றாராம். ஊர் அதையே திமிர் என்று பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சாந்தியைத் தேசூர் பக்கம் அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். பத்திரிகை ஊர் முழுக்கப் போனது, அத்தை வீட்டுக்கு வரவில்லை. கல்யாணத்தன்று ராஜாராம் மலையேறிப் போய்விட்டுப் பொழுது சாய்ந்த பிறகுதான் இறங்கி வந்தான். எங்கே போனாய் என்று கேட்க ரஞ்சிதத்துக்கு வாய் வரவில்லை. அந்தப் பொங்கலுக்கும் அண்ணன் வீட்டுச் சீர் மட்டும் வந்தது. கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், ஒரு புடவை. ஆளை அனுப்பியிருந்தார். ரஞ்சிதம் அப்படியே திருப்பி அனுப்பினாள். அந்த மகராசிக்கு நியாயம் கிடைத்த நேரமல்லவா, கண் தெரியவில்லை. மாசியில் தாண்டவராயன் வீட்டை விற்றுவிட்டு வல்லத்துக்குக் குடிபோனார். அங்கே உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிற வேலை என்று கேள்வி.

எல்லாம் சரி, கிணறு? கிணறு மட்டும் அப்படியே நாறிக்கொண்டிருந்தது. தெருக்கோடியிலிருந்து தண்ணீர் சுமந்து கடையை நடத்தினாள்.

மறு வருஷம் புரட்டாசியில் டெப்போ மனையை வாங்கியவர்கள் டாங்கியைத் தோண்டி எடுத்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம். ரஞ்சிதமும் நின்றாள். ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்கும் ஆசை அவளைவிட யாருக்கு இருக்கும்? சங்கிலி போட்டுத் தூக்கிப் புரட்டினார்கள். ஊசி நுழைகிற ஓட்டைகூட இல்லை. அடியில் கிடந்த மண் உலர்ந்து, வெறும் மண்ணாக, மண் வாசனையோடு கிடந்தது. யாரோ ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டு ரஞ்சிதத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செய்தி கேட்டு ஆதிநாராயணன் மறுபடி வந்தார். இந்தத் தடவை முகத்தில் அந்தச் சாந்தம் இல்லை. அதே கோணி, அதே மணல் வாளி, அதே துரைக்கண்ணு. ரஞ்சிதம் சொல்லாமலே அடுப்பை அணைத்திருந்தாள். போன தடவை போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே முதல் குழி. மண் வந்தது. ஆதிநாராயணன் உள்ளங்கையில் வைத்துத் தள்ளிப் பிடித்து, மறு கையால் வாடையை மூக்குப் பக்கம் விசிறிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்னும் ஆழம் போகச் சொன்னார். துரைக்கண்ணு அடுத்த கம்பியை எடுத்து மறையை முடுக்கினான், இறுகிக்கொண்டது. அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வெள்ளந்தியாக, மதில் பக்கம் திரும்பி உரக்கக் கேட்டான்.

"யக்கா, போன தடவ மாதிரியே கொஞ்சம் மண்ணெண்ண குடுக்கா."

ஆதிநாராயணன் கையிலிருந்த மண் கீழே விழுந்தது.

"போன தடவ மாதிரின்னா?"

"நீங்க சாப்பிடப் போனப்ப சார். மறைக்கு விட்டுட்டு, துரு ஏறாம இருக்க கம்பியையும் சுத்தமா தொடச்சி வச்சேன்" என்றான் துரைக்கண்ணு. பாராட்டை எதிர்பார்த்த குரல். ஆபீசர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவன் முகம் மாறியது. "தப்பா சார்?"

அவர் அவனைத் திட்டவில்லை. மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். "நெருப்பப் பத்தி ஆயிரம் சொன்னேன்" என்றார். "அந்தக் கம்பியில எண்ணெய் படக்கூடாது, சோப்புத் தண்ணியால மட்டும் கழுவுன்னு ஒரு வார்த்தை சொல்லல. உயிர் போகக்கூடாதுன்னு பாத்தேன். இது எனக்குத் தோணல."

ரஞ்சிதத்துக்கு அவர் சொன்னது மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கியது. ஜாடிகளில் இருந்தது அண்ணன் டாங்கி எண்ணெய் அல்ல. அவள் ராந்தல் எண்ணெய். அதுவும் மனுவுக்கு முன்னால் அண்ணன் டெப்போவில், அண்ணன் கையால் அளந்து ஊற்றியது. மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, கொதிக்கவைத்து எடுத்துவந்த தண்ணீரால் கழுவி, ஒவ்வொரு குழிக்கும் இடையில் மறுபடி கழுவி, இந்தத் தடவை நாலு பக்கமும் குடைந்தார்கள். டெப்போ பக்கம் சுத்தம். தெருப் பக்கம் சுத்தம். மேற்கே, கொல்லைக்குப் பின்னால் இருந்த கடலை மில் மதிலோரம் கம்பி இறங்கியபோது, ஆதிநாராயணன் எல்லாரையும் பின்வாங்கச் சொன்னார், அவ்வளவு நெடி. மில்லுக்குள் தோண்டியதில், பாகிஸ்தான் சண்டை நடந்தபோது தட்டுப்பாட்டுக்குப் பயந்து மில்காரர் புதைத்து, பிறகு மறந்தே போன மண்ணெண்ணெய்ப் பீப்பாய்கள் துருப்பிடித்து உளுத்துக் கிடந்தன.

மறுநாள் ரஞ்சிதம் அண்ணனுக்குப் பிடித்த சுண்டைக்காய் வற்றல் குழம்பைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வல்லத்துக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எந்தச் சொல்லும் வாசல்வரை வந்து சேரவில்லை. உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார் தாண்டவராயன். இளைத்துப் போயிருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் துண்டால் தட்டி அவளுக்குப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். டாங்கி, மில், பீப்பாய். கடைசியாக, "அந்தக் கம்பிக்கு மண்ணெண்ண குடுத்தது நான்தாண்ணா" என்றாள்.

"தெரியும்" என்றார் அவர்.

"இன்னா தெரியும்?"

"நீ பாட்டில் குடுத்தத பாத்துக்கினுதான இருந்தேன். அவன் தொடைக்கிறதயும் பாத்தேன். மண்ணெண்ண யாவாரிக்குத் தெரியாதா, அது பட்டா இன்னா ஆவும்னு."

"தெரிஞ்சும் ஏண்ணா ஆபீசர்கிட்ட சொல்லல?"

அவர் மூட்டையிலிருந்து பிரிந்து தொங்கிய சணல் நூலை விரலில் சுற்றினார்.

"நீ வேணும்னேதான் பண்றன்னு நெனச்சேம்மா. என் கண்ணப் பாத்துச் சிரிச்சிக்கினே குடுத்த. சொன்னா உன்ன கேஸுல மாட்டிருப்பானுங்க. பஜார்ல உன் கடைய எவன் மிதிப்பான்? தாலியறுத்த பொண்ணு. அவ்ளோ ஆத்திரம் எம்மேல இருந்தா இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

"ஐயோ அண்ணா! நான் அப்படிப் பண்றவளா? ஒரு வார்த்த என்ன கேட்டிருக்கலாமேண்ணா!"

"கேட்டிருக்கலாம்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை. "நீயும் மனு போடறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

ரஞ்சிதம் முக்காலியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அவர் தடுக்கவில்லை. அழுது முடியட்டும் என்று காத்திருந்து, தூக்குவாளியைத் திறந்து, மூடியிலேயே கொஞ்சம் குழம்பை ஊற்றி நக்கிப் பார்த்தார். "தண்ணி வேற" என்றார்.

கிளம்பும்போதுதான் அவளுக்குக் கேட்கத் துணிச்சல் வந்தது. "சாந்தி எப்டி இருக்குது?"

"நல்லாருக்குது. ஏழாம் மாசம்."

"வளைகாப்பு எப்போ? மொத வளையல் அத்த வாங்கித் தர்றதுதான மொற. நான் வரேண்ணா. மூலையில நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

தாண்டவராயன் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"போன வெள்ளிக்கெழம முடிஞ்சிடுச்சும்மா" என்றார்.

பஸ் வரைக்கும் கூட வந்தார். ஜன்னலோரம் இடம் பார்த்து உட்காரவைத்து, வாளியை உள்ளே கொடுத்தார். அவள் அவர் கண்ணைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அன்றைக்கு அவ்வளவு சுலபமாக வந்த சிரிப்பு இன்றைக்கு வரவில்லை. பஸ் கிளம்பியதும் அவர் தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கு நடந்தார்.